முதுமலையில் நாம் கண்டதும் காணாததும்

உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கி, அங்கிருந்து மைசூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் தொரப்பள்ளியைக் கடந்ததும் காற்றின் மணமே மாறிவிடுகிறது. அதுவரை இருமருங்கும் தொடர்ந்து வந்த தேயிலைத் தோட்டங்களும் தைலமரங்களும் பின்தங்கிவிட, தேக்கும் வேங்கையும் மருதும் மூங்கிற் புதர்களும் சாலையை நெருங்கி வந்து நிற்கின்றன. இதுவே முதுமலை. 1940ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர் பரப்பில் விலங்குகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, படிப்படியாக விரிவடைந்து 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர்; அதனுள் ஒரு பாகம் தேசியப் பூங்கா. வடக்கே கருநாடகத்தின் பந்திப்பூர். மேற்கே கேரளத்தின் வயநாடு. மாநில எல்லைகள் நமக்குத்தான். யானைக்கும் புலிக்கும் அவை தெரியா.

மேற்குப் பக்கம் மழை மிகுதி. மரங்கள் நெடிதோங்கி நிற்கும். கிழக்கே மசினகுடியை நோக்கிப் போகப் போக, நீலகிரி மலை மழையை மறித்துவிடுவதால், காடு குட்டையாகி முட்புதராக மாறிவிடும். வெயில் கடுமையான ஆண்டுகளில் காட்டுத்தீக்கு அஞ்சி வனத்துறையினர் சுற்றுலாவையே சில வாரங்கள் நிறுத்தி வைப்பதுண்டு. தெப்பக்காட்டில் மாயாற்றின் கரையில் வளர்ப்பு யானைகளின் முகாம் இருக்கிறது. அம்முகாமின் பாகர் பொம்மனும் அவருடைய துணைவியார் பெள்ளியும் அனாதை யானைக் குட்டிகளை வளர்த்த வரலாற்றைக் கூறும் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் விருது பெற்றதை வாசகர்கள் அறிவர். அதன்பின் அம்முகாமிற்கு வந்து குவிந்த கூட்டத்தைப் பற்றியும் நாளேடுகளில் படித்திருப்பர்.

கடந்த கோடை விடுமுறையில் நம் பங்கு மக்கள் நாற்பது பேருக்கு மேல் ஒரு பேருந்தில் அங்கே சென்று வந்தார்கள். நாமும் உடன் சென்றோம். நீலகிரிக்கு வண்டி கொண்டு போக இப்போது இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் வந்த ஏற்பாடு இது. 2025 கோடையில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, நீலகிரிக்கு வாரநாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் கட்டியது. மலை தாங்குமா என்று கேட்க ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்திருக்கிறது.

பயணம் நல்லபடியாகவே முடிந்தது. சிறுவர்கள் மகிழ்ந்தார்கள், முதியோர் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை. ஆனால் திரும்பி வந்த சில நாட்களுக்குள் இளைஞர் இயக்கத்தார் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்திற்குப் போக வேண்டும். ஆனால் ஒரு பகல் போதாது, இரண்டு இரவுகள் தங்க வேண்டும். மசினகுடிப் பக்கம் ஒரு தனியார் விடுதி பார்த்தாயிற்று. இரவில் தீமூட்டி ஆடிப் பாடலாம். தனியார் ஜீப்பில் இருட்டியபின் காட்டோரம் ஓட்டிக் காட்டவும் ஆள் இருக்கிறது. முன்பணம் கட்டச் சாமி அனுமதி தந்தால் போதும்.

உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எனவே மறு ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின், பயணம் வந்தவர்களைப் பங்கு மண்டபத்தில் அமர்த்தி, ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தோம். கேள்வி ஒன்றே: 'சுற்றுலாவினால் அந்தக் காட்டிற்கு நேரும் கேடுகளாக நீங்கள் கண்டவை யாவை?' பெயர் எழுத வேண்டாம் என்றோம். கையெழுத்தைக் கண்டே பாதிப் பேரை அறிந்துகொண்டோம் என்பது வேறு.

பெரும்பாலான தாள்களில் முதலில் இருந்தது பிளாஸ்டிக் குப்பை. அடுத்தது மதுப்புட்டிகள். பிறகு, ஒரு காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு சென்ற வெளியூர் இளைஞர்கள். யானை முகாமில் நெரிசல், கழிப்பறைகளில் துப்புரவின்மை, தேநீர்க் கடையில் விலை. ஒரு சகோதரி இவற்றோடு, 'வனத்துறை வண்டியில் ஒரு மணி நேரம் சுற்றியும் புலியைக் காட்டவில்லை' என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டில் சேர்ப்பதா, குறையில் சேர்ப்பதா என்று நமக்கு விளங்கவில்லை.

எழுதியவை யாவும் உண்மையே. பொய் ஒன்றும் இல்லை. மதுப்புட்டியின் உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் அந்தக் காயம் புரையோடி, அத்தனை பெரிய விலங்கையும் நாளடைவில் வீழ்த்திவிடும். அது சிறிய கேடன்று. ஆனால் தாள்கள் அனைத்தையும் ஒருமுறை படித்து முடித்தபோது ஒன்று புலப்பட்டது. எழுதப்பட்ட ஒவ்வொரு கேட்டையும் செய்தவர் வேறு யாரோ ஒருவர்! நம் பேருந்தில் வந்த ஒருவரும் எந்தத் தாளிலும் இல்லை.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருபத்தைந்து ஆண்டுகள் அமர்ந்த எந்தக் குருவுக்கும் இது புதிதன்று. மாமியார் செய்த பாவங்களை மருமகள் வந்து விரிவாக அறிக்கையிடுவார். அண்டைவீட்டாரின் பொறாமையை அண்டைவீட்டார் ஒன்றும் விடாமல் சொல்வார். தம்முடையதைக் கேட்டால், 'பெரிதாக ஒன்றுமில்லை, சாமி' என்பார்கள். துரும்பையும் மரக்கட்டையையும் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையைக் குடும்பச் சண்டைகளுக்கே பொருத்திப் பழகிவிட்டோம். அது காட்டுக்கும் பொருந்தும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எழுதப்படாதது என்ன? கார்குடியை ஒட்டிச் சாலையோரம் இரண்டு பெண்யானைகளும் ஒரு குட்டியும் மூங்கில் தின்று நின்றன. உள்ளே எங்கும் வண்டியை நிறுத்தக்கூடாது என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பேருந்து நின்றது. 'எடு, தம்பி' என்று ஓட்டுநரிடம் நாம் சொன்னபோது, 'இன்னும் இரண்டு நிமிடம், சாமி' என்று பின்னாலிருந்து பத்துக் குரல்கள் எழுந்தன. இரண்டு நிமிடம் இருபது நிமிடமாயிற்று. எங்களைக் கண்டு பின்னால் வந்த கார்களும் நின்றன. யானை முகத்தைத் திருப்ப வேண்டும் என்பதற்காக ஒருவர் கைதட்டினார். படம் நன்றாக வர வேண்டுமே! தாய் யானை குட்டியைத் தன் வயிற்றின்கீழ் இழுத்துக்கொண்டு, காதுகளை விரித்து ஓரடி முன்வந்தது. பேருந்திற்குள் ஆரவாரம். கோபத்திற்கும் வரவேற்புக்கும் வேறுபாடு தெரியாத ஆரவாரம்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் தாளில் மட்டும் ஒரே வரி இருந்தது. ஒரு குரங்கு சாலையில் அடிபட்டுக் கிடந்தது என்று எழுதி, பக்கத்தில் அதன் படத்தையும் வரைந்திருந்தாள். நம் பேருந்தின் சன்னல்களிலிருந்து அன்று காலை பிஸ்கட்டும் வாழைப்பழமும் குரங்குகளுக்குப் பறந்தன. எறிந்தவர்கள் இரக்கத்தாலேயே எறிந்தார்கள். குரங்கு சாலையோரத்தில் குடியேறுவதும், சன்னல் கண்ட இடமெல்லாம் ஓடிவருவதும், ஒருநாள் சக்கரத்தில் சிக்குவதும் அந்த இரக்கத்தின் தொடர்ச்சி என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

சொல்லக்கூடிய ஒருவரை நாம் தெப்பக்காட்டில் சந்தித்திருந்தோம். மற்றவர்கள் யானைகளுக்குக் கேழ்வரகுக் களியும் சோறும் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நாம் பாலத்தருகே நிழலில் நின்றோம். அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் பணியில் இருந்தார். அக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மகன், வயது நாற்பதுக்குள். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சுற்றுலாவினால் காட்டுக்கு என்ன கெடுதல் என்று அவரிடமும் கேட்டோம். அவர் சொன்ன வரிசையைப் பிறகு நம் மக்களின் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏணியைத் தலைகீழாக நிறுத்தியது போல் இருந்தது.

"முதலில் தண்ணீர், சாமி. சித்திரை மாதம் குட்டை இரண்டோ மூன்றோதான் இருக்கும். சாயங்காலம் கூட்டம் இறங்குகிற நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் அப்படியே திரும்பிவிடும். பிறகு எந்நேரம் வந்து குடிக்குமோ! குட்டியோடு வந்ததுதான் அதிகம் தவிக்கும்" என்றார். இரண்டாவதாகச் சாலையைச் சொன்னார். யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும்போது பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக இருக்க, நடுவில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டால், பிரிந்த தாய் என்ன செய்யும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்றாவது, இரவு வெளிச்சம். நான்காவது, விடுதிகளில் குளிர்காயத் தீ மூட்டுவதற்குக் காட்டிலிருந்து போகும் விறகு. குப்பையைக் கடைசியில்தான் சொன்னார். அதுவும் நாமே நினைவூட்டியபின். "குப்பையைப் பொறுக்கி மூட்டை கட்டி எடுத்து வந்துவிடுகிறோம், சாமி. அது கண்ணுக்குத் தெரிகிறது" என்றார்.

அவர் சொன்ன கடைசிச் சொற்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வருகிறவரின் கண்ணுக்கு அருவருப்பாகத் தோன்றுவதையே அவர் கேடு என்று எண்ணுகிறார். குப்பை அவருடைய காட்சியைக் கெடுக்கிறது. கூச்சல் அவருடைய அமைதியைக் கெடுக்கிறது. நெரிசல் அவருக்கு இடைஞ்சல். தண்ணீர் குடிக்காமல் திரும்பிய யானை அவருக்குத் தெரியவே தெரியாது. அது வராததால் அவர் அதைக் காணவும் இல்லை. சாலையோரம் கூட்டமாக மேயும் புள்ளிமான்களைக் கண்டு, 'பாருங்கள், எவ்வளவு அமைதியாக இருக்கின்றன! மனிதரால் இவற்றிற்கு ஒரு தொல்லையும் இல்லை' என்று பேருந்தில் ஒருவர் சொன்னார். நாம் காண்பவை பழகிப்போனவை. பழகாதவை வண்டிச் சத்தம் கேட்டவுடனே உள்ளே போய்விட்டன.

இது நம் ஊர் மக்களுக்கு மட்டும் உரிய குறை என்று யாரும் வருந்த வேண்டாம். படித்த நாடு, பணக்கார நாடு என்று நாம் புகழும் அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரியில் ஆன்டிலோப் தீவு என்னும் பூங்கா உண்டு. நடந்தும் மிதிவண்டியிலும் அங்கே செல்வோரை வைத்து இரண்டு அறிஞர்கள் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. விலங்குகள் எத்தனை தூரத்தில் மனிதரைக் கண்டு ஓடுகின்றன என்பதை ஒருபுறம் அளந்தார்கள். மனிதர் என்ன நினைக்கிறார்கள் என்பதை மறுபுறம் கேட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேர், தங்கள் வருகையால் விலங்குகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றனர். எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதற்கு வெகு முன்பே விலங்குகள் மிரண்டு ஓடின. கெடுதல் உண்டென்று ஒப்புக்கொண்டவர்களோ, தம்மைச் சுட்டாமல் வேறு வகையாரையே சுட்டினர். நம் மண்டபத்துத் துண்டுத்தாள்களை அவர்கள் பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டார்கள்.

அதே நாட்டின் எல்லோஸ்டோன், 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவாக அமைந்தது. ஒரு காலத்தில் அங்கே விடுதிகளின் எச்சில் உணவைக் குழிகளில் கொட்டி, மாலை வேளையில் கரடிகள் வந்து தின்பதைப் பார்க்கப் பயணிகளுக்குப் படிவரிசை இருக்கைகள் போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக அமர்ந்து பார்த்தார்கள். அதில் தவறு இருப்பதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றவில்லை. கரடிகள் வயிறார உண்கின்றன என்று மகிழ்ந்தார்கள். அக்காட்சிகள் 1940களில் நின்றன. குப்பைக் குழிகளை மூட 1970 வரை ஆயிற்று. மனிதரின் உணவுக்குப் பழகிய கரடிகள் மனிதரைத் தாக்கத் தொடங்கி, அதற்காகவே பல கொல்லப்பட்டன. அங்குள்ள 'மார்னிங் குளோரி' என்னும் வெந்நீர்ச் சுனை தெளிந்த நீல நிறத்தால் பெயர் பெற்றது. நல்வாய்ப்பு வேண்டி வருகிறவர்கள் அதில் நாணயங்களை எறிந்தார்கள். அடியில் ஊற்றின் வாய் அடைபட்டு, நீரின் சூடு குறைந்து, குளிர்ந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, ஓரமெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிப்போயிற்று. இன்று முதன்முறை செல்பவர் அந்த மஞ்சளையும் அழகென்றே படமெடுக்கிறார். முன்பு எப்படி இருந்தது என்பதை அறியாதவருக்கு எது இழப்பு என்று எப்படித் தெரியும்?

முதுமலையிலும் இப்படி ஒன்று உண்டு. மஞ்சள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஒருவகைக் கொன்றை. நம் நாட்டு மரமன்று, அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதனடியில் புல் முளைப்பதில்லை; மானுக்கும் யானைக்கும் அங்கே உணவில்லை. அரசு அதை வேரோடு அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பிவருகிறது. பூத்திருக்கும் காலத்தில் அதனடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், 'இந்த மரத்தையா வெட்டுகிறார்கள்?' என்று வனத்துறையைக் கடிந்துகொள்வதுமுண்டு.

நம் துண்டுத்தாள்களில் ஒன்றை மட்டும் நாம் தனியே எடுத்து வைத்தோம். அதில் இரண்டே சொற்கள்: 'இருட்டு இல்லை.' எழுதியவர் யார் என்று நமக்கு உடனே தெரிந்தது. எழுபதைத் தாண்டிய பெரியவர். வின்சென்ட் தே பவுல் சபையில் நெடுநாள் பணியாற்றியவர். அவருடைய தந்தை மாயாறு மின் நிலையத்தில் வேலை பார்த்ததால் சிறுவயதை அப்பக்கம் கழித்திருக்கிறார். பயணம் முழுவதும் வாய் திறவாமல் சன்னலோரம் அமர்ந்து வந்தார். அழைத்து விளக்கம் கேட்டோம். "அந்தக் காலத்தில் ஆறரை மணிக்கு மேல் கதவைத் திறக்க மாட்டோம், சாமி. அவ்வளவு இருட்டு. வாசலில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். யானை என்று அப்பா சொல்வார். காலையில் பார்த்தால் சாணம் கிடக்கும். இப்போது மலையடிவாரம் எங்கும் விளக்குச் சரமாக இருக்கிறது. யானை எந்த வழியாகப் போகும் என்று யோசித்தேன்" என்றார்.

அவர் யோசித்தது வீண் யோசனையன்று. மசினகுடியைச் சூழ்ந்த சீகூர்ப் பீடபூமி, நீலகிரியின் செங்குத்தான சரிவுக்கும் மாயாற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்குக்கும் இடையே நீண்டு கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டிற்கு யானைகள் போய்வரும் வழி அதுவே. மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. அந்த நடைபாதையில்தான் போயாக வேண்டும். அதன் குறுக்கே விடுதிகள் எழுந்தன, வேலிகள் எழுந்தன, சில வேலிகளில் மின்சாரமும் பாய்ந்தது. 2010இல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2018இல் பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் வழித்தடத்தை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்தது. நில உரிமையாளர்களின் குறைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழுவும் அமைத்தது.

அத்தீர்ப்பு வந்து சில மாதங்களுக்குள், 2021 சனவரியில், மசினகுடிப் பகுதியில் திரிந்த ஓர் ஆண்யானையின் காதில் ஆழ்ந்த தீக்காயம் காணப்பட்டது. வயது நாற்பது இருக்கும். முதுகில் ஏற்கெனவே பழைய காயம் ஒன்றும் இருந்தது. மருத்துவத்திற்காகத் தெப்பக்காட்டிற்குக் கொண்டுசெல்லும்போது 19ஆம் தேதி அது இறந்தது. அதன் தும்பிக்கையைத் தடவிக்கொண்டு வனப்பணியாளர் ஒருவர் தேம்பி அழுத காட்சியை அன்று உலகமே கண்டது. பின்னர் வெளிவந்த மற்றொரு காட்சியில், விடுதியொன்றின் மாடியிலிருந்து எரியும் பொருளை யானையின்மேல் எறிவதும், அது காதில் தீப்பற்றிய நிலையில் பிளிறிக்கொண்டு இருட்டுக்குள் ஓடுவதும் பதிவாகியிருந்தன. இருவர் கைதாயினர்.

எறிந்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் விடுதிக்காரன் யாருக்காக இரவில் காவல் நிற்கிறான்? யானையைக் காண வேண்டும், ஆனால் அது அறை வாசலுக்கு வந்துவிடக்கூடாது என்று பணம் கொடுத்துத் தங்குகிற விருந்தினருக்காகவே. அவர் நல்லவர், ஒரு தாளைக்கூடக் கீழே போடாதவர். காலையில் எழுந்து, மலையின் அழகைப் புகழ்ந்து, விடுதியின் துப்புரவைப் பாராட்டிவிட்டுத் திரும்புவார். சுற்றுலாவால் என்ன கேடு என்று அவரிடம் கேட்டால் அவரும் பிளாஸ்டிக் என்றே எழுதுவார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் யாரும் போக வேண்டாம் என்கிறீர்களா?' என்று கேட்கக்கூடும். மசினகுடியில் ஜீப் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரிடம் நாம் பேசினோம். நம் கத்தோலிக்கரே. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் செவிலியர் படிப்பில் இருக்கிறாள். "நீங்களெல்லாம் வராமல் போனால் நான் என்ன செய்வது, ஃபாதர்? காடு மூடியிருந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம்" என்றார். அதோடு நிற்காமல், "ஆனால் வருகிறவர்கள் கேட்பதைப் பாருங்கள். புலி காட்டினால் ஐந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார்கள். இராத்திரி ஓட்டினால் ஆயிரம் என்கிறார்கள். நான் மாட்டேன் என்றால் அடுத்த ஜீப் போகிறது" என்றார். தடைசெய்யப்பட்ட இரவு ஓட்டத்திற்கு அவரைத் தூண்டுவது பேராசையா, செவிலியர் கல்லூரியின் கட்டணமா, வந்தவரின் ஐந்நூறு ரூபாயா? நமக்கு அந்த மூன்றாவதே முதற்காரணமாகத் தோன்றுகிறது. பகலில், வனத்துறை வண்டியில், மான் மட்டும் தெரிந்தாலும் போதும் என்று மனநிறைவோடு திரும்புகிறவர்கள் பெருகினால் அவருக்குப் பிழைப்பும் இருக்கும், இரவில் உறக்கமும் இருக்கும். பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை போக்குவரத்தை 2009இல் நிறுத்தியபோது, வணிகம் அழிந்துவிடும் என்று எழுந்த கூக்குரல் சிறிதன்று. வண்டியில் அடிபட்டு இரவில் இறந்த விலங்குகளின் கூக்குரல் யார் காதுக்கும் எட்டியதில்லை.

குருமடத்தில் எபிரேய மொழியை நமக்குக் கற்பித்த பெரியவர், தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் நெடுநாள் எங்களை நிறுத்தி வைத்தார். தோட்டத்தில் மனிதனை வைத்ததன் நோக்கத்தைக் கூற அங்கே இரு வினைச்சொற்கள் வருகின்றன. ஒன்று உழைப்பதை, ஊழியம் செய்வதைக் குறிப்பது. மற்றது காவல் செய்வதைக் குறிப்பது. அந்தக் காவலுக்குரிய சொல்லே, திருக்கூடாரத்தைக் காக்கும் லேவியரின் பணிக்கும் பின்னர் ஆளப்படுகிறது. தம்பியைக் கொன்ற காயின் ஆண்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்டபோது, தனக்கு அவ்வேலை இல்லை என்று மறுத்ததும் அதே சொல்லைக் கொண்டுதான். அன்று அது இலக்கணப் பாடமாகவே நமக்குத் தோன்றியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அசிசியின் புனித பிரான்சிசைச் சூழலியல் பேணுவோருக்குப் பாதுகாவலராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை எழுதி, படைப்புக்கு இழைக்கும் தீங்கும் பாவமே என்று கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயு சொல்லிவருவதை நினைவூட்டினார். நம் ஆன்ம சோதனைக் கையேடுகளில் அந்தப் பகுதி இன்னும் அச்சேறவில்லை. ஏறினாலும், 'குப்பை போட்டேனா?' என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுமோ என்பதே நம் அச்சம்.

இனி இளைஞர் இயக்கத்தாரின் விண்ணப்பத்துக்கு வருவோம். பங்குப் பேரவையில் இரண்டு கூட்டங்கள் இதற்கே செலவாயின. பயணத்தைக் கைவிடுவதென்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. சிறுவர்கள் யானையைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தால் நாளை அதற்காக யார் பரிந்து பேசுவார்? முடிவாயிற்று இவ்வளவே: அடுத்த பயணம் சித்திரை வைகாசியில் இல்லை, மழை பெய்து குட்டைகள் நிறைந்தபின். ஒரு பெரும் பேருந்துக்குப் பதில் இருபது பேர் கொண்ட சிறு வண்டி. மீதிப் பேருக்கு மற்றொரு மாதம். தங்குவது கூடலூர் ஊருக்குள். காட்டிற்குள் வனத்துறை வண்டி மட்டும். தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு வரை சன்னல் அடைத்திருக்கும், எந்த விலங்கு வந்தாலும் வண்டி நிற்காது. மசினகுடி ஜீப் சகோதரரிடம் பகற்பொழுதுக்கு மட்டும், புலிக்கு மேல்விலை இல்லாமல், முன்கூட்டியே வாடகை பேசியாயிற்று. பழங்குடியினக் காவலர் விடுமுறை கிடைத்தால் ஒரு மாலை வந்து பிள்ளைகளோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இளைஞர்கள் இதற்கெல்லாம் உடன்பட்டுவிட்டார்கள், ஒன்றைத் தவிர. இரவில் தீ மூட்டாமல் என்ன உல்லாசப் பயணம் என்று கேட்கிறார்கள். விறகு எங்கிருந்து வரும் என்று நாம் கேட்டோம். ஊரிலிருந்தே வண்டியில் கொண்டுவருகிறோம் என்று ஒருவன் சொன்னான். கூடலூரில் தங்கும் வீட்டின் முற்றத்தில் என்றால் சரிதானே, சாமி, என்றான் மற்றொருவன். பெரியவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தோம். இருட்டைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்.